மலை ஏறினால் எடை குறையுமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

சென்ற ஆண்டு மாசி மாதம். நாங்கள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அறிவியல் வகுப்பில் நிறையும் எடையும் என்ற பாடம் நடந்துகொண்டிருந்தது. "பூமியின் மையத்திலிருந்து விலகிப் போகப் போக ஒரு பொருளின் எடை குறையும். ஆகவே மலைமேல் எடை சற்றுக் குறைவு" என்று எங்கள் ஆசிரியை கூறினார். உடனே கடைசி வரிசையிலிருந்து எங்கள் தோழி ஒருத்தி எழுந்தாள். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள்.

"டீச்சர், அப்படின்னா எங்க அப்பாவோட புளி குறைஞ்சதுக்கும் இதுதான் காரணமா?"

நாங்கள் கொல்லென்று சிரித்துவிட்டோம். ஆசிரியை சிரிக்கவில்லை. "என்ன நடந்தது, சொல்லும்மா" என்றார்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் ஊரில் புளியம்பழம் உலுக்கி, ஓடு உடைத்து, மூட்டை கட்டி வைப்பார்கள். வியாபாரி ஒருவர் வண்டியோடு மேலே வந்து, மரக்கிளையில் ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட்டு நிறுத்து வாங்கிச் செல்வார். அன்று ஒரு மூட்டையை நிறுத்தபோது முள் 46 கிலோவில் நின்றது. விலையும் ஒத்துவரவில்லை. அவள் தந்தை அந்த மூட்டையை மட்டும் பேருந்தில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார். கடைத்தெருவில் தட்டுத் தராசில் எடைக்கல் வைத்து நிறுத்தபோது அது சரியாக 50 கிலோ இருந்தது. அவர் வியாபாரியிடம் இதைச் சொன்னபோது, "மலைமேல் எடை குறையும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று அவர் பதில் சொன்னாராம்.

இப்போது ஆசிரியையும் அதையே சொல்கிறார். அப்படியானால் வியாபாரி சொன்னது சரிதானா? இதுதான் அவள் கேள்வி. "நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?" என்ற வினாவுக்கு விடையை மனப்பாடம் செய்து வைத்திருந்த எங்களில் ஒருத்திக்கும் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றுதான் நாங்கள் இப்பாடத்தை உண்மையில் படிக்கத் தொடங்கினோம். அன்று அறிந்தவற்றைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிறை என்பது என்ன?

ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் அடங்கியிருக்கிறதோ அதுவே அதன் நிறை. ஒரு மூட்டைப் புளியை வெள்ளிமலையில் வைத்தாலும், கள்ளக்குறிச்சியில் வைத்தாலும், சந்திரனுக்கே கொண்டு சென்றாலும், அதிலுள்ள புளி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எனவே அதன் நிறை எங்கும் ஒன்றே.

நிறையை வேறொரு வகையிலும் உணரலாம். வெற்று மாட்டுவண்டியைச் சமதரையில் தள்ளினால் எளிதில் நகரும். கரும்பு ஏற்றிய வண்டியை நகர்த்தப் பலர் சேர்ந்து முக்க வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்துவதும் அதே அளவு கடினம். தன் நிலையை மாற்றுவதற்கு ஒரு பொருள் காட்டும் இந்தப் பிடிவாதத்தின் அளவுதான் நிறை.

எடை என்பது என்ன?

பூமி எல்லாப் பொருள்களையும் தன் மையத்தை நோக்கி இழுக்கிறது. அந்த இழுவிசையே எடை. அது ஒரு விசை. ஆகவே அதற்கு அளவு மட்டுமன்றித் திசையும் உண்டு. அதன் அலகு கிலோகிராம் அன்று, நியூட்டன்.

நிறையைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் எடை கிடைக்கும். புவியீர்ப்பு முடுக்கத்தை வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் என்று படிக்கிறோம். நம் கள்ளக்குறிச்சிப் பகுதியில் அது ஏறத்தாழ 9.78. எனவே 45 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவியின் எடை இங்கே சுமார் 440 நியூட்டன். நியூட்டன் என்றால் எவ்வளவு என்று திகைக்க வேண்டாம். நூறு கிராம் மிளகாய்த்தூள் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்தால் அது கையை அழுத்தும் விசை ஏறத்தாழ ஒரு நியூட்டன்.

தமிழில் 'எடை' என்ற சொல் 'எடு' என்பதிலிருந்து வந்தது. ஒன்றைத் தூக்கி எடுக்கும்போது கைக்குத் தெரியும் பாரம் அது. விசையைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை. 'நிறை' என்பது 'நிறு' என்பதிலிருந்து வந்தது. தராசில் நிறுத்து அறிவது நிறை. ஆனால் இச்சொற்கள் எல்லா இடங்களிலும் ஒரே பொருளில் வழங்கவில்லை. நம் பாடநூல்களில் 'நிறை' எனப்படுவதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'திணிவு' என்பார்கள். நாம் 'எடை' என்பதை அவர்கள் 'நிறை' என்பார்கள்! யாழ்ப்பாணத்து மாணவியும் கள்ளக்குறிச்சி மாணவியும் ஒரே தேர்வை எழுதினால் யாருக்கு மதிப்பெண் போடுவதென்று ஆசிரியர் திண்டாடிப்போவார். நம்மிடமும் பழைய நூல்கள் சிலவற்றில் நிறைக்குப் 'பொருண்மை' என்ற சொல் வழங்கியது. சொல் எதுவாயினும், எப்பொருளில் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

பேச்சு வழக்கில் "என் எடை 45 கிலோ" என்கிறோம். பிஸ்கட் பொட்டலங்கள் பலவற்றில் 'நிகர எடை' என்று அச்சிட்டுக் கிராமில் அளவு தருகிறார்கள். இரண்டிலும் உண்மையில் சொல்லப்படுவது நிறைதான். வீட்டிலும் கடையிலும் இப்படிச் சொல்வதால் கேடு ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் தோழியின் வீட்டில் நடந்தது போல, இந்தக் குழப்பத்தில் யாரேனும் புகுந்துகொள்ள இடம் கொடுக்கக் கூடாது.

வீசையிலிருந்து கிலோவுக்கு

எங்கள் பாட்டிமார் இன்றும் "ஒரு பலம் பூண்டு", "அரை வீசை வெல்லம்" என்று சொல்வதுண்டு. முன்னாளில் சென்னை மாகாணத்தில் வழங்கிய அளவுப்படி 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். இன்றைய கணக்கில் ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். ஒரு வீசை ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம். ஒரு மணங்கு 11 கிலோவுக்குச் சற்று அதிகம். ஆனால் மணங்கு என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. வடநாட்டு மணங்கு சென்னை மணங்கைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஓர் ஊரில் வாங்கி மற்றோர் ஊரில் விற்பவருக்கு இதில் ஆதாயம். கணக்கறியாத விவசாயிக்கு நட்டம்.

தானியத்தையோ படியாலும் மரக்காலாலும் அளந்தார்கள். படி என்பது நிறையும் அன்று, எடையும் அன்று, கொள்ளளவு. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே இடத்தைத்தான் அடைக்கும். ஆனால் கையில் தூக்கினால் வேறுபாடு தெரியும்.

இந்தக் குழப்பங்களைத் தீர்க்க 1956-ஆம் ஆண்டில் எடைகள், அளவைகள் தரச் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் முதல் நாள் புதிய காசு வந்தது. 1958 அக்டோபரில் கிலோகிராம் எடைகள் வழக்குக்கு வரத் தொடங்கின. சில ஆண்டுகளில் சேரும் வீசையும் சட்டப்படி விடைபெற்றன. புதிய முறையின் அழகு, எல்லாம் பத்தின் மடங்குகளில் அமைந்திருப்பதுதான்:

10 மில்லிகிராம் = 1 சென்டிகிராம்
10 சென்டிகிராம் = 1 டெசிகிராம்
10 டெசிகிராம் = 1 கிராம்
1000 கிராம் = 1 கிலோகிராம்
100 கிலோகிராம் = 1 குவிண்டால்
10 குவிண்டால் = 1 மெட்ரிக் டன்

இவற்றை வெறும் வாய்ப்பாடாக மனப்பாடம் செய்வதைவிட, கண்ணால் கண்ட பொருள்களோடு சேர்த்து நினைவில் வைப்பது எளிது. காய்ச்சல் மாத்திரையின் உறையில் 500 மில்லிகிராம் என்றிருக்கும். அதில் உள்ள மருந்து அரை கிராம். நகைக்கடையில் ஒரு பவுன் என்பது 8 கிராம். வைரத்துக்கு வழங்கும் காரட் 200 மில்லிகிராம். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம். சிமெண்ட் மூட்டை 50 கிலோகிராம், அதாவது அரைக் குவிண்டால். நம் ஊர்ப் பக்கத்து ஆலைகளுக்குப் போகும் கரும்பை டன் கணக்கில் நிறுக்கிறார்கள். கரும்போடு வண்டியை எடைமேடையில் நிறுத்தி ஒரு முறையும், இறக்கிய பின் வெறும் வண்டியை ஒரு முறையும் நிறுத்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கரும்பின் அளவு கிடைக்கும்.

கிலோகிராம் எங்கே பிறந்தது?

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1795-இல், ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் நிறையைக் கிராம் என்று வரையறுத்தார்கள். பின்னர், பிளாட்டினமும் இரிடியமும் கலந்த உலோகத்தால் செய்த ஓர் உருளை, 1889-இல் உலகத்தின் கிலோகிராமாக ஏற்கப்பட்டது. அதன் உயரமும் விட்டமும் 39 மில்லிமீட்டர்தான். பாரிஸ் நகரத்துக்கு அருகில் மூன்று கண்ணாடி மூடிகளுக்குள் அதைப் பூட்டி வைத்தார்கள். அதன் படிகள் பல நாடுகளுக்கு வழங்கப்பட்டன. இந்தியாவுக்கு வந்த 57-ஆம் எண் படி புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது.

எத்தனை பத்திரமாக வைத்தும், நூறாண்டுகளுக்குப் பிறகு ஒப்பிட்டபோது உருளைக்கும் அதன் படிகளுக்கும் இடையே ஒரு கிராமில் இலட்சத்தில் ஐந்து பங்கு அளவுக்கு வேறுபாடு தென்பட்டது. கிலோகிராம் என்பதே அந்த உருளைதான் என்பதால், மாறியது எது என்றுகூடச் சொல்ல முடியவில்லை! ஆகவே 2018 நவம்பரில் உலக நாடுகள் கூடி முடிவெடுத்து, 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்னும் இயற்கையின் மாறாத எண்ணைக் கொண்டு கிலோகிராமை வரையறுத்துவிட்டன. இப்போது கிலோகிராம் எந்தப் பெட்டிக்குள்ளும் பூட்டப்பட்டிருக்கவில்லை.

தேசிய ஆய்வகத்தின் அளவோடு ஒப்பிட்ட கற்கள், அவற்றோடு ஒப்பிட்ட மாநிலத்துக் கற்கள், அவற்றோடு ஒப்பிட்ட ஆய்வாளரின் கற்கள், அவற்றோடு ஒப்பிட்டு முத்திரையிட்ட கடைக்காரரின் எடைக்கல் என்று இது ஒரு சங்கிலி. நம் தெருமுனைக் கடையில் உள்ள கல்லின் ஒரு முனை நம் கையில் என்றால் மறுமுனை டெல்லியில் இருக்கிறது. அந்தச் சங்கிலி அறாமல் காப்பதற்காகத்தான், குறித்த காலத்துக்கொரு முறை கடைக்காரர்கள் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் அரசு முத்திரை பெற வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இன்று நடைமுறையில் இருப்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம்.

இரண்டு தராசுகள்

இப்போது எங்கள் தோழியின் புளிக்கு வருவோம். அவள் தந்தை கண்ட தராசுகள் இரண்டும் இருவேறு வகையானவை.

தட்டுத் தராசில் ஒரு தட்டில் புளியும் மறுதட்டில் எடைக்கல்லும் இருக்கின்றன. மலைமேல் பூமியின் இழுப்புக் குறைந்தால், புளிக்குக் குறைவது போலவே எடைக்கல்லுக்கும் குறையும். முள் நடுவில்தான் நிற்கும். ஆகவே தட்டுத் தராசு மலையிலும் சமவெளியிலும் ஒன்றே சொல்லும். அது காட்டுவது நிறை. திருவள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் சான்றோருக்கு உவமையாகத் தராசுக் கோலைத் தேர்ந்தெடுத்தார். இடத்துக்கு ஏற்ப மாறாத குணம் அதற்கு உண்டு என்பதை அறிவியலும் சொல்கிறது.

ஸ்பிரிங் தராசு அப்படியன்று. அதில் எடைக்கல் இல்லை. பொருளைப் பூமி எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்கு வில் நீளும். அது அளப்பது விசை. அதன் முகப்பில் நியூட்டன் என்று எழுதாமல் கிலோ என்று எழுதியிருப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது. இன்று கடைகளில் உள்ள மின்னணுத் தராசும் விசையைத்தான் அளக்கிறது. ஆகவே அதைப் பயன்படுத்தும் இடத்திலேயே தெரிந்த எடைக்கல்லை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

புவியீர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதை மனிதர் முதலில் கண்டது தராசில் அன்று, கடிகாரத்தில். 1672-இல் ழான் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலார் தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குச் சென்றார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இழுப்புக் குறைவு என்பதே காரணம். நம் சென்னை வானாய்வகத்திலும் 1821-இல் ஜான் கோல்டிங்காம் என்பவர் ஊசலைக் கொண்டு இத்தகைய ஆய்வு நடத்தினார். துருவத்தில் புவியீர்ப்பு முடுக்கம் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78. துருவத்தில் 100 கிலோ காட்டும் ஸ்பிரிங் தராசு, அதே மூட்டையை நிலநடுக்கோட்டில் 99½ கிலோ என்றே காட்டும்.

சந்திரனிலோ இழுப்பு ஆறில் ஒரு பங்குதான். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை நாம் எல்லோரும் மகிழ்ச்சியோடு பார்த்தோம். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நமக்கு அண்டை ஊரான விழுப்புரத்தைச் சேர்ந்தவர் என்பதில் நமக்குத் தனிப் பெருமை. நிலவில் உருண்டோடிய பிரக்யான் ஊர்தியின் நிறை 26 கிலோகிராம். பூமியில் அதன் எடை 254 நியூட்டன், நிலவில் 42 நியூட்டன்தான். ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டிருந்தால் அங்கே நாலேகால் கிலோ அளவில்தான் முள் நின்றிருக்கும். ஆனால் ஊர்தியின் ஓர் ஆணிகூடக் குறைந்துவிடவில்லை.

கரும்பலகைக் கணக்கு

"எடை குறையும் என்பது உண்மை. எவ்வளவு குறையும் என்று பார்ப்போம்" என்று ஆசிரியை சுண்ணக்கட்டியை அந்தத் தோழியின் கையிலேயே கொடுத்தார்.

கல்வராயன் மலை பெரும்பாலும் 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயரமுள்ளது. கீழே நிறுத்த இடத்துக்கும் மேலே நிறுத்த இடத்துக்கும் உயர வேறுபாடு 700 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். பூமியின் ஆரம் 6,370 கிலோமீட்டர். மையத்திலிருந்து தூரம் கூடும்போது, அத்தூரத்தின் இருமடிக்கு ஏற்ப இழுப்புக் குறையும். கணக்கிட்டால் பத்தாயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது. 50 கிலோ மூட்டைக்கு அது ஏறத்தாழ 11 கிராம். மலையின் பாறையும் தன் பங்குக்குப் பொருளைச் சற்று இழுப்பதால், உண்மையில் குறைவது அதைவிடவும் சிறிது. அந்தத் தொங்கு தராசின் முள்ளில் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது.

குறைந்ததோ நான்கு கிலோ! பதினொரு கிராமைப்போல் 360 மடங்கு.

"சரி, வியாபாரி சொன்னதே உண்மையாக இருக்கட்டும். நான்கு கிலோ குறைய மலை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?" என்று ஆசிரியை கேட்டார். வகுப்பே சேர்ந்து கணக்குப் போட்டது. விடை ஏறத்தாழ 270 கிலோமீட்டர். எவரெஸ்ட் சிகரமே ஒன்பது கிலோமீட்டர் இல்லை. விண்கலங்கள் சுற்றிவரும் உயரத்தில் புளியமரம் காய்த்திருந்தால் வியாபாரி சொன்னது சரியாக இருந்திருக்கும்.

இந்த முறையும் வகுப்பு சிரித்தது. ஆனால் முதலில் சிரித்த சிரிப்பு வேறு, இது வேறு. எங்கள் தோழியும் சிரித்தாள்.

புளி காய்ந்திருக்கலாமே என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அதுவும் நல்ல கேள்விதான். ஈரம் வற்றினால் புளியிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது. அப்போது எடை மட்டுமன்றி நிறையே குறைகிறது. ஆனால் அப்படியானால் முதலில் நிறுத்த மலையில் கூடுதலாகவும், பின்னர் நிறுத்த கடைத்தெருவில் குறைவாகவும் இருந்திருக்க வேண்டும். இங்கே நடந்ததோ தலைகீழ்.

பத்து லிட்டர் தண்ணீர்

தராசைச் சோதிக்க எடைக்கல்லுக்கு எங்கே போவது? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்று மேலே கூறினோம் அல்லவா? அதுவே வழி காட்டியது. பத்து லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் கேன் ஒன்றைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நிறுத்தோம். வெறும் கேன் அரை கிலோ இருந்தது. லிட்டர் அளவையால் பத்து முறை தண்ணீர் ஊற்றி, அது நின்ற இடத்தில் கேன்மீது கோடு போட்டோம். கோடு வரை நிரப்பினால் பத்தரை கிலோ. விடுமுறைக்குப் போனபோது தோழி அந்த வெறும் கேனைத் தன்னோடு எடுத்துச் சென்றாள். அவள் ஊர்க் கிணற்றில் தண்ணீருக்கா பஞ்சம்?

அடுத்த முறை வியாபாரி வந்தபோது, புளிக்கு முன்னால் அவள் தந்தை தண்ணீர்க் கேனை மாட்டச் சொன்னார். முள் ஒன்பதே முக்காலுக்கும் சற்றுக் கீழே நின்றது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். "வில் பழசு, தளர்ந்துபோயிருக்கும்" என்றார் வியாபாரி.

தோழி திரும்பி வந்து இதைச் சொன்னதும், ஆசிரியை எங்களைப் பார்த்து, "வில் தளர்ந்தால் அது அதிகம் நீளுமா, குறைவாக நீளுமா?" என்று மட்டும் கேட்டார். நீங்களே எண்ணிப் பாருங்கள். தளர்ந்த வில் அதிகம் நீளும். அப்போது முள் கூடுதலாகக் காட்ட வேண்டுமே தவிரக் குறைவாகக் காட்டாது.

ஆனால் அவள் தந்தை அங்கே சண்டை போடவில்லை. கேனைக் காட்டி, "இது பத்தரை காட்டும் தராசு வரட்டும், அப்போது நிறுப்போம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மறுவாரம் வேறொரு தராசு வந்தது. தண்ணீர் பத்தரை கிலோ காட்டியது. பிறகுதான் புளி ஏறியது. இப்போது அந்த ஊரில் கடுக்காய் நிறுத்தாலும் தேன் நிறுத்தாலும் முதலில் தொங்குவது அந்தக் கேன்தானாம்.

நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைந்தால் என்ன பெரிய நட்டம் என்று தோன்றலாம். அந்தக் கணக்கில் பன்னிரண்டரை மூட்டை விற்றால் ஒரு முழு மூட்டை இனாமாகப் போய்விடுகிறது. அதற்காக மரம் ஏறியவர் ஒருவர், ஓடு உடைத்துக் கை சிவந்தவர் ஒருவர். எங்கள் தோழியின் நோட்டும் சீருடையும் அந்த ஒரு மூட்டைக்குள்தான் இருந்தன.

முடிவாக

மலை ஏறினால் எடை குறையுமா? குறையும், சில கிராம் அளவில். நிறை குறையுமா? குறையாது. கிலோ கணக்கில் குறைந்தால் அது பூமியின் வேலை அன்று, தராசின் வேலை அல்லது தராசைப் பிடித்த கையின் வேலை.

ஆகவே பெற்றோர்களுக்கும் தோழியருக்கும் நாங்கள் சொல்வது இவைதான். நிறுப்பதற்கு முன் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். தராசிலும் எடைக்கல்லிலும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாக்குக்குக் கழிவு என்றால் வெறும் சாக்கை நிறுத்துப் பார்த்துக் கழிக்கச் சொல்லுங்கள். ஐயம் வந்தால் அளந்த தண்ணீரை மாட்டிப் பாருங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள்தான். அன்று அவள் எழுந்து கேட்டபோது நாங்கள் சிரித்தோம். அவள் கேட்கவில்லை என்றால், நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு மறந்தே போயிருப்போம். அந்தக் கேனின் கோடு இப்போது சற்று அழிந்துவிட்டதாம். அடுத்த மாசிக்குள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து புதிதாகக் கோடு போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.